பன்மாடிக் கடைகள் வருவதற்கு முன் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஐப்பசித் துணி எடுத்தது எப்படி?

வில்லியனூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கம் தீபாவளிக்கு வெளியிடும் சிறு மலருக்காக, 1955 முதல் 1985 வரை புதுச்சேரியிலும் கடலூரிலும் மக்கள் பண்டிகைத் துணி எடுத்த விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்று நான்கு மாடி, ஐந்து மாடிக் கடைகளில் ஒரே கூரையின் கீழ் பட்டு முதல் பனியன் வரை வாங்கிவிடுகிறோம். நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி, பிடித்ததை உடுத்திப் பார்த்து, அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியே வருகிறோம். இவை வருவதற்கு முன் அந்தக் கடைவீதி எப்படி இயங்கியது என்பதை நேரில் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எனக்குக் குறிப்பாக மூன்று ஐயங்கள் உள்ளன. எங்கள் பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் பிரெஞ்சு மொழியில் அச்சான ஒரு துணிக்கடை விலைப்பட்டியல் இருக்கிறது. இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்குமான பதிப்பு என்று அட்டையில் போட்டிருக்கிறது. கம்பளிக் கோட்டுக்கு வேலையே இல்லாத ஊரில் அதை யார், எதற்காக வைத்திருந்தார்கள்? அடுத்ததாக, அங்கே பருவத்துக்குப் பருவம் புது மோஸ்தர் இறங்குவதுபோல் இங்கும் ஏதாவது காலக்கணக்கு இருந்ததா, அல்லது எல்லோரும் தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் கடைக்குப் போனார்களா? கடைசியாக, வரி குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் துணி எடுக்கப் புதுச்சேரிக்கு வருவார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது உண்மையா?

கெடிலக்கரை பதில்:

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு நன்கு தெரிந்த விஷயம். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் என் தந்தையார் விற்பனையாளராக இருந்தார்; பள்ளி முடித்த பிறகு நானும் அதே கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன்.

முந்தைய வாரம்தான் கூட்டம் என்பது ஆயத்த ஆடைகள் வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம். அதற்கு முன் தீபாவளி வியாபாரம் நவராத்திரியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். காரணத்தைப் பஞ்சாங்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். புரட்டாசியில் மகாளய பட்சம் நடக்கும்போது பல குடும்பங்கள் புதுத்துணி எடுக்க மாட்டார்கள். மகாளய அமாவாசைக்கு அடுத்த அமாவாசையை ஒட்டியே தீபாவளி வந்துவிடும் என்பதால், நடுவில் இருப்பது ஏறத்தாழ ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் கடைசி இரண்டு மூன்று வாரங்கள் தையற்காரருக்குச் சொந்தம். அவர் "ஆர்டர் எடுப்பதில்லை" என்று பலகை மாட்டிவிட்டால் கையில் உள்ள துணி வெறும் துணிதான். ஆகவே துணி எடுக்க உண்மையில் மிஞ்சுவது நவராத்திரியின் ஒன்பது பத்து நாட்களே. கடை முதலாளிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஆடி மாதத்திலேயே சென்னை கொடோன் தெருவுக்கும் ஈரோட்டுக்கும் கொள்முதலுக்குப் போய்விடுவார்கள், ஆவணிக் கடைசியில் லாரி பார்சலில் பேல்கள் வந்து இறங்கத் தொடங்கும்.

கடையின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். தரையைவிடச் சற்று உயரமான மரமேடையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து அலமாரியிலிருந்து தானை, அதாவது வெட்டாத முழுத் துணிச் சுருளை, எடுத்து, ஒரே வீச்சில் வாடிக்கையாளர் முன் உருளவிட வேண்டும். துணி மடங்காமல், மடியில் விழாமல், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் போய் நிற்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே புதுப்பையனுக்கு ஒரு பண்டிகைக் காலம் ஆகிவிடும். வாடிக்கையாளர் எதையும் தானாக எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் விற்பனையாளரின் கண்தான் முக்கியம். குடும்பத்தில் பணம் வைத்திருப்பவர் யார், தேர்ந்தெடுப்பவர் யார், இந்த இரண்டு பேரும் ஒருவரா வேறுவேறா என்பதை அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கணித்துவிட வேண்டும் என்று என் தந்தையார் சொல்வார்.

குழல் விளக்கு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் பெண்கள் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தானின் மறுமுனை மேடையில் என் கையில் இருக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வாசலிலும் வெளிச்சம் இருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் விற்ற நிறத்தைப் பற்றி மறுநாள் சண்டை வராமல் இருந்ததில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்தும் பண்ருட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருபவர்கள் குடும்பத்தோடு வந்து ஒரே தானில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டைத்துணி கிழிக்கச் சொல்வார்கள். அகலம் தெரிந்து சேர்த்து வெட்டினால் கால் மீட்டர் மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. அண்ணன் தம்பிகள் நால்வரும் ஒரே கட்டம் போட்ட சட்டையில் தெருவில் நிற்பதைப் பார்த்து இப்போது சிரிக்கிறோம், ஆனால் அந்தக் கால் மீட்டரில்தான் கடைக்குட்டியின் கால்சட்டைக்கு உள்பை தைத்தார்கள்.

முத்தியால்பேட்டை மருமகள் பதில்:

உங்கள் பெரியம்மா வீட்டுப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் லா ரெதூத் அல்லது அதைப் போன்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் ஒன்றின் தடித்த புத்தகமாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அவை இருந்தன. என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. அவருடைய தம்பி குடும்பம் பிரான்சிலேயே தங்கிவிட்டது. அவர்கள் விடுமுறையில் வரும்போதெல்லாம் போன பருவத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அங்கே இலையுதிர் காலம் என்பது கடைக்காரர்களுக்கு ஒரு தொடக்கம். ஆகஸ்டு விடுமுறை முடிந்து செப்டம்பரில் பள்ளிகளும் அலுவலகங்களும் திறந்தவுடன், கண்ணாடிச் சன்னல்களில் கோடை உடுப்புகள் மறைந்து கோட்டும் கம்பளிப் பாவாடையும் ஏறிவிடும். இந்தப் பருவக் கணக்கைப் பழக்கியவை பாரிஸின் பெரிய பல்பொருள் அங்காடிகள்தாம். பொன் மார்ஷே என்ற கடையை அரிஸ்தீத் பூசிக்கோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்த்தெடுத்தபோது, விலையை எழுதி ஒட்டுவது, வாங்காவிட்டாலும் உள்ளே சுற்றிப் பார்க்க விடுவது, பிடிக்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்ற பழக்கங்களை ஊரறியச் செய்தார். வியாபாரம் மந்தமான சனவரியில் விரிப்புகளையும் வெள்ளைத் துணிகளையும் மலிவாக விற்பதும் அந்தக் கடையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1865இல் தொடங்கிய பிரெந்தாம் போன்றவையும் அதே வழியில் போயின. கெடிலக்கரை ஐயா சொன்ன மேடையும் விரிப்பும் இருந்த நம் கடைகளிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்கள் உறவினர்கள் அந்த மாளிகைக் கடைகளில் வாங்கியவர்கள் அல்லர். அவர்கள் போனது பாரிஸின் பார்பெஸ் பகுதியில் இருந்த தாத்தி கடைக்கு. 1948இல் ழூல் உவாக்கி தொடங்கிய அந்தக் கடையில் துணிகளைக் கூடைகளில் கொட்டி வைத்திருப்பார்கள், வேண்டியவர் கிளறி எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த கட்டம் போட்ட அதன் பை புதுச்சேரி வீடுகளில் நெடுங்காலம் அரிசிப் பையாகவும் சந்தைப் பையாகவும் உழைத்தது.

விலைப்பட்டியலை எதற்காக வைத்திருந்தார்கள் என்று கேட்டீர்களே, அதை வைத்து யாரும் எதையும் வரவழைக்கவில்லை. தையற்காரரிடம் எடுத்துப் போனார்கள். கிறித்தவக் குடும்பங்களில் அது கிறிஸ்துமஸ் கவுனுக்கு, எங்களைப் போன்ற வீடுகளில் தீபாவளிக் கவுனுக்கு. கம்பளிக் கோட்டின் அகன்ற காலரையும் இரட்டைப் பொத்தான் வரிசையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, போப்ளினில் அரைக்கைக் கவுனாக அவர் தைத்துக் கொடுப்பார். எங்கள் தையற்காரருக்கு ஒரே ஒரு குறை உண்டு. படத்தில் அந்தப் பெண் முன்பக்கம் காட்டித்தான் நிற்பாள், பின்பக்கம் எப்படி என்று புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. அதனால் என் நாத்தனார்களின் பழைய புகைப்படங்களில் முன்பக்கம் பாரிஸ் மோஸ்தரும், பின்பக்கம் நாடா வைத்து முடிச்சுப் போடும் நம் ஊர்க் கவுனும் ஒரே உடுப்பில் இருக்கும்.

உண்மையான இலையுதிர் கால உடுப்பை அணிந்தவர்களும் ஊரில் இருந்தார்கள். நவம்பர் 11 அன்று கடற்கரையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைக்கும்போது, முன்னாள் வீரர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு முழு கோட்டில் வருவார்கள். சூலை 14 அன்றும் அதே கோட்டுதான். மாமனாரின் கோட்டு ஆண்டு முழுவதும் அந்துருண்டைக்கு நடுவில் இருக்கும்; ஐப்பசி மழையில் நனைந்துவிட்டால் அதை உலர்த்துவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஊசிமுனை பதில்:

நான் முதலியார்பேட்டையைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தையல் தொழில். கெடிலக்கரை ஐயா சொன்ன நவராத்திரிக் கணக்கு மாதச் சம்பளக்காரர்களுக்கும் நிலம் உள்ளவர்களுக்கும் பொருந்தும். எங்கள் தெருவுக்கு அது முழுமையாகப் பொருந்தாது, ஏனென்றால் எங்கள் தெருவின் பணம் ரோடியர் மில்லிலிருந்து வந்தது.

1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலையைத்தான் இங்கே எல்லோரும் ரோடியர் மில் என்பார்கள். சுதேசி, பாரதி ஆலைகளிலும் இதே நிலைதான். ஆலைத் தொழிலாளிக்குத் தீபாவளி என்றால் போனஸ். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வந்து, பின்னர் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று நிலைத்தாலும், கையில் பணம் எப்போது கிடைக்கும் என்பது ஆண்டுதோறும் பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. பேச்சு இழுத்தால் பணம் கைக்கு வரும்போது தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இருக்காது. அதாவது தையற்காரர் பலகை மாட்டிய பிறகுதான் மில் வீட்டுக்காரர் துணியோடு வருவார்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. தெரிந்த ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு முன்கூட்டியே துணி எடுத்து எங்களிடம் கொடுத்துவிடுவது ஒன்று. தையற்கூலியும் போனசுக்குப் பிறகுதான். கடைக்காரர் வட்டி என்று கேட்க மாட்டார், ஆனால் கணக்கில் எடுத்தவரிடம் விலை பேசவும் இடம் கொடுக்க மாட்டார். மற்றது பலகையை மதிக்காமல் வந்து நிற்பது. "அண்ணே, பெரியவனுக்கு மட்டும் ஒரு சட்டை" என்று தொடங்கி, பையிலிருந்து நான்கு துணி வெளியே வரும். அக்கம்பக்கத்தாரிடம் மறுப்பது எப்படி? கடைசி நான்கைந்து இரவுகள் எங்கள் வீட்டில் யாரும் உறங்கியதில்லை. அப்பா வெட்டுவார், சித்தப்பா மிதிப்பார், அம்மாவும் அக்காக்களும் காஜா (பொத்தான் துளை) எடுத்துப் பொத்தான் வைப்பார்கள், நான் ஓரம் மடித்து எம்மிங் செய்வேன். மழையில் மின்சாரம் போய்விட்டால் பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழ் வேலை தொடரும். காற்றில் அது படபடக்கும்போது கறுப்பு நூலில் காஜா எடுப்பதுதான் பெரிய சோதனை. ஒரு ஆண்டு கங்கா ஸ்நானத்துக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தே சட்டையை வாங்கிப் போனவர்களும் உண்டு.

பிள்ளைகளின் உடுப்பில் வளர்ச்சிக்கு இடம் விட்டுத் தைப்பதைப் பற்றி உங்கள் கட்டுரையில் அவசியம் எழுதுங்கள். பாவாடையின் அடியில் இரண்டு மடிப்பு பிடித்து வைப்போம். அடுத்த தீபாவளிக்கு ஒன்று பிரியும், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. பிரித்த இடத்தில் நிறம் மங்காமல் ஒரு பட்டை தெரியும், அதை மறைக்கத்தான் சரிகை நாடா வைத்துத் தைத்தோம். அதை அழகுக்காக வைத்தது என்று இன்று சிலர் நினைப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

ஆயத்த ஆடை வந்து எங்கள் தொழிலைக் கெடுத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். போனஸ் தாமதமாகிய வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி. பணம் வந்த அன்று மாலையே வாங்கி மறுநாள் உடுத்தலாம். எங்களைப் பாதித்தது அதைவிட ஆலைகள் தளர்ந்ததுதான். ரோடியர் மில் 1980களின் நடுவில் அரசின் கைக்கு வந்தது, 2011 டிசம்பரில் தானே புயலில் பெரும் சேதம் கண்டது, 2020இல் மூடப்பட்டது. தெருவில் போனஸ் இல்லையென்றால் ஊசிக்கு என்ன வேலை?

வணிகவரி ஓய்வு பதில்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சுருக்கமாக. நீங்கள் குறிப்பிடும் காலத்தில் வரி வேறுபாட்டால் புதுச்சேரியில் துணி மலிவு என்பது சரியன்று. 1957ஆம் ஆண்டுக் கூடுதல் கலால் தீர்வைச் சட்ட ஏற்பாட்டின்படி துணி, சர்க்கரை, புகையிலை ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசே தீர்வை வசூலித்து மாநிலங்களுக்குப் பங்கு கொடுத்தது. மாநிலங்கள் அவற்றுக்கு விற்பனை வரி விதிப்பதைக் கைவிட்டன. ஆகவே லாரன்ஸ் சாலையில் எடுத்தாலும் நேரு வீதியில் எடுத்தாலும் வரியில் வேறுபாடு எழ இடமில்லை. மின்விசிறி, வானொலிப் பெட்டி போன்றவற்றுக்கு வேறுபாடு இருந்தது. அந்தப் பெயர் துணிக்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 

1954 நவம்பர் 1க்கு முந்தைய நிலை வேறு. அப்போது இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. வெளிநாட்டுப் பொருள்கள் இங்கே எளிதாகக் கிடைத்தன, எல்லையில் சுங்கச் சோதனையும் இருந்தது. நேரு வீதி அன்று துய்ப்ளே வீதி. உங்களுக்குச் சொன்னவர்கள் தங்கள் பெற்றோரின் அந்தக் கால அனுபவத்தைக் கேட்டு வளர்ந்தவர்களாக இருக்கக்கூடும்.

வில்லியனூர் வாசகி எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. வரியைப் பற்றிய பத்தியை இனி 1954க்கு முன், பின் என்று பிரித்தே எழுதுவேன். கெடிலக்கரை ஐயாவிடம் மேலும் ஒரு கேள்வி. பாரிஸ் கடைகளில் எழுதிய விலை, திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி என்று முத்தியால்பேட்டை அம்மா சொன்னார்களே, உங்கள் கடையில் இந்த இரண்டும் எப்படி இருந்தன? வரி இல்லையென்றால், கடலூர்க்காரர்கள் பேருந்து ஏறிப் புதுச்சேரிக்கு வந்ததற்கு வேறு காரணம் உண்டா?

கெடிலக்கரை பதில்:

விலை எழுதியிருக்கும், ஆனால் வாடிக்கையாளருக்குப் புரியாது. பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை முதலாளி தேர்ந்தெடுத்துக்கொள்வார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். தானின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் அந்த எழுத்துகளில் கொள்முதல் விலை இருக்கும். நாங்கள் அதைப் பார்த்து, எதிரில் இருப்பவரையும் பார்த்து, விலை சொல்வோம். எவ்வளவு இறங்கலாம் என்பதும் அந்தச் சீட்டிலிருந்தே தெரியும். "ஒரே விலை" என்று பலகை வைத்த கடைகளும் சாலையில் இருந்தன. அங்கே கூட்டம் குறைவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வயதான பெண்மணிகள் அங்கே போக விரும்பியதில்லை, பேசி இரண்டு ரூபாய் குறைக்காமல் வாங்கினால் அவர்களுக்கு வாங்கிய நிறைவே வராது. பேச்சுக்கே இடமில்லாமல் வாங்க நினைத்தவர்கள் கோ-ஆப்டெக்சுக்குப் போனார்கள். அரசு ஊழியர்களுக்கு அங்கே தள்ளுபடியும் உண்டு, சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கதர்க் கடையில் அக்டோபர் 2 அன்று தொடங்கும் தள்ளுபடிக்காகக் காத்திருந்து வேட்டி எடுக்கும் ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும்.

கிழித்த துணியைத் திரும்ப எடுக்கும் வழக்கம் எந்தக் கடையிலும் இல்லை. சேலையை மட்டும், கொசுவப் பக்கம் மடிப்புக் கலையாமல் இருந்தால், மாற்றிக் கொடுப்போம், பணமாகக் கொடுப்பதில்லை. தீபாவளிக்கு மறுநாள் கடை திறந்தவுடன் முதலில் வருபவர்கள் சேலை மாற்ற வருபவர்களாகவே இருப்பார்கள் என்பதால், முதலாளி அன்று காலை கடைக்கு வராமல் தன் மைத்துனரைக் கல்லாவில் உட்கார வைப்பார்.

புதுச்சேரிக்குப் போனதற்குக் காரணம் நான் பார்த்தவரை கல்யாணத்துணிதான். தீபாவளித் துணிக்கு அவ்வளவு தூரம் யாரும் போகவில்லை. எங்களிடம் கணக்கு இருந்தது, தையற்காரர் பக்கத்தில் இருந்தார். ஐப்பசியில் முகூர்த்தம் வைத்த வீட்டார் மட்டும் கடற்கரையையும் மணக்குள விநாயகரையும் பார்த்தபடி நேரு வீதியில் பட்டு எடுத்து வருவார்கள். திரும்பி வந்தபின் அதை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து, இதற்கு என்ன விலை போடலாம் என்று கேட்பார்கள். அவர்கள் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகச் சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். அடுத்த முறை ரவிக்கைத் துணிக்காவது எங்களிடம் வருவார்கள்.